பொருள்களின் ஆயுட்கணக்கு

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொக்கோ கோலா கம்பெனியார், தங்கள் பானத்தைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து விற்பதா, பிளாஸ்டிக் புட்டியில் விற்பதா, உலோகக் குவளையில் விற்பதா என்னும் விசாரத்தில் இறங்கியபோது, வியாபாரிகள் வழக்கமாகப் பார்க்கும் லாப நஷ்டக் கணக்கோடு நில்லாமல், விசித்திரமான வேறொரு கணக்கையும் போட்டுத் தரும்படி கான்சாஸ் நகரிலிருந்த மிட்வெஸ்ட் ஆராய்ச்சி நிலையத்தாரைக் கேட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு கலத்துக்கும் வேண்டிய மணலும் தாதுவும் எண்ணெயும் பூமியிலிருந்து எடுக்கப்படும் நிமிஷம் முதல், பானத்தைக் குடித்தவர் வெறுங்கலத்தை எறிந்துவிட்டுப் போகும் நிமிஷம் வரையில், எவ்வளவு மூலப்பொருள் செலவாகிறது, எவ்வளவு எரிபொருள் எரிகிறது, எவ்வளவு அழுக்கு காற்றிலும் நீரிலும் கலக்கிறது என்று ஒன்றுவிடாமல் கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் விடுத்த கேள்வி. அந்த ஆராய்ச்சியின் முழு விவரமும் வெளியிடப்படவில்லை. கம்பெனியின் அலமாரிக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆனால் கணக்குப் போட்ட முறை அங்கே தங்கவில்லை. 1974-இல் அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதே முறையைப் பின்பற்றிப் பானக் கலங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 1997-இல் அது ஐ.எஸ்.ஓ. 14040 என்னும் சர்வதேச நியமமாகவே வகுக்கப்பட்டது.

பாடப்புத்தகங்கள் இதை வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்கின்றன. இந்த அத்தியாயத்தில் ஆயுட்கணக்கு என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்வோம். கணக்கு என்னவோ அலுப்பூட்டும் கூட்டல் கழித்தல்தான்; ஆயினும் அது வெளிப்படுத்திய உண்மையொன்று, யந்திரங்களையும் சாமான்களையும் வடிவமைப்பவர்களின் தொழிலையே புரட்டிப்போடக் கூடியது. ஒரு பொருளால் உலகத்துக்கு விளையும் தீங்கு, அதன் ஆயுளின் எல்லாக் கட்டங்களிலும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. சில பொருள்கள் பிறக்கும்போதே பெரும் பாவத்தைச் சுமந்துகொண்டு பிறக்கின்றன; சில, உழைக்கும் காலத்தில் நாள்தோறும் சிறிது சிறிதாக அதைச் சேர்த்துக்கொள்கின்றன; வேறு சிலவோ, பிறப்பிலும் உழைப்பிலும் பரம சாதுவாக இருந்துவிட்டு, செத்த பிறகு ஊரைப் படுத்துகின்றன. எந்தப் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்று விசாரியாமல், எல்லாவற்றுக்கும் பச்சை வர்ணம் பூசி, இலைப்படம் ஒன்றை ஒட்டி, பழுப்பு நிற அட்டைப்பெட்டியில் வைத்து விற்பது, நாடி பார்க்காமல் எல்லா நோயாளிகளுக்கும் ஒரே சூரணத்தை மடித்துக் கொடுக்கும் வைத்தியமேயாகும்.

அப்படியானால் விசாரிக்க வேண்டியவர் யார்? வாங்குகிறவருக்குப் பொருளின் உள்ளே இருப்பது தெரியாது; ஆலைத் தொழிலாளி, கொடுத்த படத்தின்படி செய்கிறார்; குப்பை அள்ளுபவரோ விளைவை மட்டுமே சந்திக்கிறார். மேல்மூடியைப் பசையால் ஒட்டுவதா திருகாணியால் முடுக்குவதா, தகட்டின் கனம் எத்தனை மில்லிமீட்டர், எந்த உலோகத்தோடு எந்தப் பிளாஸ்டிக்கைச் சேர்ப்பது என்பனவெல்லாம் வரைபடத்திலேயே முடிந்துபோகிற காரியங்கள். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் வடிவமைப்பு ஆசிரியராயிருந்த விக்டர் பப்பனெக், 1971-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில், தொழிற்பொருள் வடிவமைப்பைக் காட்டிலும் தீங்கு மிகுந்த தொழில்கள் உலகில் வெகு சிலவே என்று தம் இனத்தாரையே சாடி, அவர்களுடைய கோபத்துக்கு ஆளானார். அவர் சற்று மிகைப்படுத்தினார் என்று கொண்டாலும், பொறுப்பு எங்கே கிடக்கிறது என்பதை அவர் சரியாகவே சுட்டிக்காட்டினார்.

கணக்கில் இறங்குமுன் ஓர் எச்சரிக்கை அவசியம். பொருளையும் பொருளையும் ஒப்பிடலாகாது. பொருள் செய்யும் சேவையையும் சேவையையுமே ஒப்பிட வேண்டும். ஒரு பருத்திப் பையையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் மேஜைமேல் வைத்து எது நல்லது என்று கேட்டால் அந்தக் கேள்விக்கே அர்த்தம் கிடையாது. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பருவநிலை மாற்றம் ஒன்றை மாத்திரம் கருதினாலும், ஒரு பருத்திப் பை கடைகளில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமானமாவதற்கு ஐம்பது தடவைக்கு மேல் கடைக்குப் போய்வந்தாக வேண்டும். பருத்தி விளைய வேண்டிய தண்ணீர், உரம் முதலிய மற்றக் கேடுகளையும் சேர்த்தால் அது ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. தமிழ்நாட்டு அரசு 2021-இல் மீண்டும் நடமாட்டத்துக்குக் கொண்டுவந்த மஞ்சப்பை, கல்யாண வீட்டில் தேங்காய் பழத்தோடு கைக்கு வந்து, பிறகு மளிகைக்கும் ரேஷனுக்கும் வருஷக்கணக்கில் அலைந்து, கடைசியில் கைப்பிடித் துணியாக அடுக்களையில் முடிகிற பட்சத்தில், இந்தப் பரீட்சையில் சுலபமாகத் தேறிவிடும். கருத்தரங்குகளில் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, அலமாரிக்குள் அடைபட்டுக் கிடக்கும் துணிப்பை ஒருநாளும் தேறாது. இரண்டும் ஒரே துணிதான்.

இனி, உழைக்கும் காலத்தில் பாவம் சேர்க்கும் பொருளுக்கு உதாரணமாக நம் தலைக்குமேல் சுற்றும் மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். அதன் வயிற்றுப்பாகத்தைக் கழற்றிப் பார்த்தால், நடுத்தண்டோடு அசையாமல் பொருத்தப்பட்ட இரும்புத் தகட்டு அடுக்கும், அந்த அடுக்கின் பள்ளங்களில் சுற்றிய செப்புக்கம்பிச் சுருள்களும், இவற்றைக் கவிந்தபடி சுழலும் வெளி ஓடும் தெரியவரும். சுருள்களில் ஓடும் மின்சாரம் சுழலும் காந்தப்புலம் ஒன்றை உண்டாக்குகிறது. அந்தப் புலம் வெளி ஓட்டில் வார்க்கப்பட்டுள்ள அலுமினியச் சட்டங்களில் ஒரு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த ஓட்டத்துக்கும் புலத்துக்கும் இடையே நிகழும் இழுபறியில் ஓடு சுழல, அதில் முடுக்கியிருக்கும் றெக்கைகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஓடு, புலத்தின் வேகத்தை எட்டிப் பிடித்துவிட்டால் தூண்டலே நின்றுபோகும். ஆகையால் அது எப்பொழுதும் சற்றுப் பின்தங்கியே சுழல வேண்டியிருக்கிறது. அந்தப் பின்தங்கலுக்கும் விலையுண்டு. எவ்வளவுக்கெவ்வளவு பின்தங்குகிறதோ அவ்வளவுக்கவ்வளவு சக்தி அலுமினியத்தில் உஷ்ணமாக மாறிப்போகிறது. செப்புச் சுருளிலும் இரும்புத் தகட்டிலும் போவது இதற்குமேல். முழுவேகத்தில் சுமார் 75 வாட் மின்சாரம் பிடிக்கும் இந்த விசிறி, அதில் பாதிக்கும் குறைவான பகுதியையே றெக்கைகளுக்குக் கொடுக்கிறது. கோடைக்காலத்து இரவு முழுதும் ஓடிய விசிறியைக் காலையில் நிறுத்திவிட்டு நடுப்பாகத்தைத் தொட்டுப் பார்ப்பவருக்கு இந்த உண்மை விரல்நுனியிலேயே தெரியவரும்.

நாளைக்கு 12 மணி நேரம், வருஷத்தில் 300 நாள் ஓடினால் 270 யூனிட். நம் நாட்டு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியினின்று வருவதால், யூனிட் ஒன்றுக்குச் சுமார் 700 கிராம் கரியமிலவாயு வீதம், ஒற்றை விசிறி ஓராண்டில் 190 கிலோ அளவுக்குக் கரியமிலவாயுவை எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வழியாக வெளிவிடச் செய்கிறது. விசிறியின் சொந்த எடையோ நான்கைந்து கிலோ. அதிலுள்ள இரும்பையும் செம்பையும் அலுமினியத்தையும் உருக்கி வார்த்ததால் உண்டான புகையை, இரண்டு கோடை கழியுமுன்னரே அது ஓடுவதால் உண்டாகும் புகை மிஞ்சிவிடுகிறது. அதன் ஆயுளோ பதினைந்து, இருபது ஆண்டு. இப்படிப்பட்ட பொருளுக்கு மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் மேல்கிண்ணம் செய்து போட்டேன் என்று ஒரு வடிவமைப்பாளர் பெருமைப்பட்டுக்கொண்டால், அவருடைய நல்லெண்ணத்தைப் பாராட்டலாம். வேலையைப் பாராட்ட முடியாது.

வேலையைச் செய்தவர்கள் இரண்டு திசையிலிருந்து வந்தார்கள். ஒரு சாரார் ஓட்டிலிருந்த அலுமினியச் சட்டங்களை நீக்கிவிட்டு நிலைக்காந்தங்களைப் பதித்து, ஒரு சிறு மின்னணுப் பலகையால் சுருள்களுக்கு முறைவைத்து மின்சாரம் ஊட்டினார்கள். காந்தம் தன்னிடத்திலேயே இருப்பதால் எதையும் தூண்ட வேண்டியதில்லை, பின்தங்க வேண்டியதுமில்லை. கடைகளில் பி.எல்.டி.சி. விசிறி என்று சொல்லி விற்பது இதுதான். அதே காற்றை இது 28 முதல் 35 வாட்டுக்குள் கொடுத்துவிடுகிறது. மற்றொரு சாரார் றெக்கையைக் கவனித்தார்கள். அடியிலிருந்து நுனிவரை ஒரே சாய்வாக வளைத்த தட்டைத் தகடு, நுனியில் ஒரு வேகத்திலும் அடியில் வேறொரு வேகத்திலும் சுழல்கையில், எங்காவது ஓரிடத்தில்தான் சரியான கோணத்தில் காற்றைச் சந்திக்க முடியும் என்பது விமானத்தின் சுழல்விசிறியைச் செய்பவர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி. அடியில் அகலமும் நுனியில் ஒடுக்கமுமாய், வழிநெடுக முறுக்கேறிய றெக்கையை, புளோரிடா சூரிய சக்தி நிலையத்தைச் சேர்ந்த டேனி பார்க்கர் 1990-களில் கூரை விசிறிக்குக் கொண்டுவந்தார். அதற்கு அவர் துணை தேடிய இடம், மனிதன் மிதித்துச் செலுத்தும் விமானத்தை நிர்மாணித்து 1979-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கச் செய்த பால் மக்கிரெடியின் நிறுவனம். ஒரு மனிதனின் கால்பலத்தைத் தவிர வேறு சக்தி இல்லாத இடத்தில் கற்ற சிக்கனம், படுக்கையறைக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவில் 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், வாங்குகிறவரும் இந்த வித்தியாசத்தைப் பெட்டியின்மேலேயே படிக்க முடிகிறது.

ஆயினும் புதிய விசிறியில் ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பழைய விசிறி மெதுவாகச் சுற்றினால், தெருமுனை எலெக்ட்ரீஷியன் ஏணியில் ஏறி, கண்டென்சரை மாற்றிவிட்டுச் சொற்பக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பேரிங் தேய்ந்து கரகரத்தால் வேறு பேரிங் போடுவார். காயில் கருகினால் கழற்றிக்கொண்டுபோய்ப் புதுக் காயில் கட்டிக்கொண்டு வருவார். தகப்பனார் காலத்து விசிறி பேரன் காலத்தில் சுற்றுவது நம் ஊர்களில் அதிசயமன்று. புதிய விசிறியிலோ, மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் மின்னணுப் பலகை போய்விட்டால், பல மாடல்களில் அந்தப் பலகை பிசினுக்குள் புதைத்து வார்க்கப்பட்டிருப்பதால், அதைத் தொட அவரால் முடிவதில்லை. கம்பெனியாருடைய சேவை மையம் பலகையையோ விசிறியையோ முழுதாக மாற்றித் தரும். உத்தரவாதக் காலம் தாண்டியிருந்தால் இலவசமாகத் தராது. பலகையைக் கீழ்மூடிக்குள் தனிப்பெட்டியாக வைத்து, நான்கு திருகாணிகளைக் கழற்றினால் கைக்கு வரும்படியும், எந்தக் கம்பெனியின் பலகையும் எந்த விசிறிக்கும் பொருந்தும்படியும் செய்வதற்கு விஞ்ஞானத்தில் ஒரு தடையும் கிடையாது. மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்த புத்திக்கு இது ஒரு பெரிய காரியமா என்ன?

விசிறியைவிட விரிவான பாடத்தைக் குளிர்பதனப் பெட்டியின் சரித்திரம் தருகிறது. தொடக்ககாலப் பெட்டிகளில் அம்மோனியாவும் கந்தக டையாக்சைடும் ஓடின. கசிந்தால் ஆளைக் கொல்லும் விஷங்கள். அமெரிக்க ரசாயன நிபுணர் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய சகாக்களும் 1930-ஐ ஒட்டிக் கண்டுகொடுத்த குளோரோ புளோரோ கார்பன் என்னும் வாயு எரியாது, விஷமன்று, எதனோடும் கலக்காது; வடிவமைப்பாளன் கேட்கக்கூடிய வரங்களெல்லாம் ஒருங்கே வாய்த்தது போலிருந்தது. எதனோடும் கலக்காத அந்தக் குணமே பின்னர்க் கேடாக முடிந்தது. கீழ்க்காற்றில் அழியாத வாயு மெல்ல மேலேறி, அங்கே சூரியனின் புற ஊதாக் கதிர்களால் சிதைந்து, விடுபட்ட குளோரின் ஓசோனைத் தின்றுவிடும் என்று ரசாயன நிபுணர்களான ரோலண்டும் மொலினாவும் 1974-இல் எழுதினார்கள். 1985-இல் பிரிட்டிஷ் அண்டார்டிகா ஆய்வாளர்கள் தென்துருவத்தின்மேல் ஓசோன் குறைந்திருப்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டினார்கள். 1987-இல் அந்த வாயுவைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. உலகத்துப் பெரிய கம்பெனிகள் பழைய வாயுவுக்கு மாற்றாகத் தேர்ந்த ஹெச்.எஃப்.சி. 134ஏ என்னும் வாயு ஓசோனைத் தொடவில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில், கரியமிலவாயுவைப்போல் சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது. ஒரு குழியிலிருந்து ஏறி அடுத்த குழியில் கால்வைத்தார்கள்.

மூன்றாவது வழி வந்த இடம் எவரும் எதிர்பாராதது. கிழக்கு ஜெர்மனியில் சாக்சனி பிரதேசத்து ஷார்ஃபென்ஸ்டைன் என்னும் ஊரில், இரு ஜெர்மனிகளும் ஒன்றானபின் மூடப்படும் தறுவாயிலிருந்த குளிர்பெட்டி ஆலை ஒன்று இருந்தது. டார்ட்மண்ட் நகரத்துச் சுகாதார நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள் சிலர், சமையல் வாயுவோடு உறவுகொண்ட புரொப்பேன், பியூட்டேன் கலவையைக் கொண்டே குளிர்பெட்டியை ஓட்டிக்காட்டியிருந்தார்கள். கிரீன்பீஸ் இயக்கத்தார் 1992-இல் இவ்விரு சாராரையும் ஒன்றுகூட்டி வைத்து, மாதிரிப் பெட்டிகளைச் செய்யச் சொல்லி, பெட்டி பிறக்குமுன்னரே பல்லாயிரம் பேரிடம் ஆர்டரும் பெற்றுக் கொடுத்தார்கள். மேற்கத்திய கம்பெனியார், இது வீட்டுக்குள் வைக்கும் வெடிகுண்டு என்று வியாபாரிகளுக்கு எழுதிப் பார்த்தார்கள். ஃபோரோன் என்ற பெயரில் 1993-இல் பெட்டி சந்தைக்கு வந்தது. வெடிக்கவில்லை.

ஏன் வெடிக்கவில்லை என்பதில்தான் வடிவமைப்பாளரின் சாமர்த்தியம் இருக்கிறது. ஒரு வீட்டுப் பெட்டிக்குத் தேவையான வாயு சில பத்துக் கிராம்களே; கசிந்தாலும் அறைக்குள் பரவித் தீப்பற்றும் செறிவை எட்டுவது அரிது. அபாயம், பெட்டியின் உட்புறத்தில் கசிந்து அடைபட்டால்தான். ஆகவே, கதவைத் திறந்தால் விளக்கேற்றும் விசை, குளிரளவைக் காக்கும் தெர்மோஸ்டாட் முதலிய பொறி பறக்கக்கூடிய உறுப்புகளையெல்லாம் உள்ளேயிருந்து வெளியே கொண்டுபோனார்கள், அல்லது காற்றுப்புகாமல் மூடினார்கள். இக்காலத்தில் பெரும்பாலும் வழங்கும் ஐசோபியூட்டேன் குறைந்த அழுத்தத்திலேயே வேலை செய்வதால் பெட்டியின் இரைச்சலும் தணிந்தது. கிரீன்பீஸார் இந்த முறையைத் தங்களுடையதென்று உரிமை கொண்டாடாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் ஜெர்மானியக் கம்பெனிகள் அனைத்தும் அதே வழிக்கு வந்துவிட்டன. இந்தியாவில் கோத்ரெஜ் கம்பெனியார் முந்திக்கொண்டார்கள். முதலில் செய்துகாட்டிய ஃபோரோன் மட்டும் 1996-இல் திவாலாயிற்று. நல்ல காரியம் செய்தவர்களுக்கு உலகம் காட்டும் மரியாதை சில சமயம் இப்படித்தான் இருக்கிறது.

வாயு மாத்திரம் போதாது. குளிர்பெட்டியும் இரவும் பகலும் மின்சாரம் குடிப்பது. அமெரிக்காவில் 1970-களின் நடுவில் சராசரிப் பெட்டி ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் செலவழித்தது. கலிபோர்னியா மாகாணமும் பின்னர் மத்திய அரசாங்கமும் படிப்படியாக இறுக்கிய சட்டங்களுக்குட்பட்டு, நூற்றாண்டு திரும்பிய சமயத்தில் அது 500 யூனிட்டுக்கு வந்தது. பெட்டி சிறுத்தா போயிற்று? பெருத்தது, விலையும் குறைந்தது. நல்ல கதவு ரப்பர், கனமான நுரைச்சுவர், பெரிய குளிர்சுருள் போன்ற எளிய மாற்றங்களே இதற்குப் பெரிதும் உதவின. சட்டம் வந்தால் தொழில் நசிக்கும் என்று ஒப்பாரி வைக்கும் முதலாளிகளிடம் இந்த ஒரு சரித்திரத்தைப் படிக்கக் கொடுக்கலாம்.

நீண்ட ஆயுளே எப்போதும் புண்ணியம் என்று நினைப்பவர்களுக்குப் பழைய மின்குமிழ் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1924-இல் ஜெனீவாவில் உலகத்துப் பெரிய குமிழ்க் கம்பெனிகள் கூடி, எந்தக் குமிழும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியலாகாது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டு, மீறியவர்களுக்கு அபராதமும் விதித்தார்கள். பணத்தாசையில் செய்த சூழ்ச்சி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் டங்ஸ்டன் இழையின் ஆயுளை நீட்ட வேண்டுமானால் அதைக் குறைந்த உஷ்ணத்தில் எரிக்க வேண்டும். அப்படி எரித்தால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் குறையும். அதே வெளிச்சத்துக்கு நிலக்கரி அதிகம் வேண்டும். உழைக்கும் காலத்திலேயே தீங்கு செய்யும் பொருளை நூறாண்டு வாழவைப்பதில் லாபம் இல்லை.

கைத்தொலைபேசியோ இதற்கு நேர்விரோதம். அதை ஓராண்டு முழுதும் மின்னேற்றினாலும் ஆகும் யூனிட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். உற்பத்தியாளர்கள் தாங்களே வெளியிடும் கணக்குகளின்படி, அதன் ஆயுட்காலப் புகையில் சுமார் முக்கால் பங்கும் அதற்கு மேலும், அது நம் கைக்கு வருமுன்னரே வெளிவந்துவிடுகிறது. சில்லுகளைச் செய்யும் ஆலைகளின் மின்சாரச் செலவு அப்படிப்பட்டது. ஆகவே இதற்குப் பரிகாரம் ஒன்றுதான்: மூன்றாண்டில் மடியும் தொலைபேசியை ஆறாண்டு வாழவைப்பது. சென்னை ரிச்சி தெருவிலே வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் பழுதுநீக்குபவர்கள் அருகில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்கள், இந்தப் பரிகாரத்துக்கு எது குறுக்கே நிற்கிறதென்று கண்ணாலேயே காணலாம். வெப்பக்காற்றுக் குழலால் பின்மூடியைச் சூடாக்கி, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் செருகி, கண்ணாடி விரிசல் விடாமல் அங்குலம் அங்குலமாகக் கிளப்புகிறார்கள். உள்ளே பாட்டரியும் பசையால் ஒட்டியிருக்கிறது. வளைத்து இழுத்தால் தீப்பற்றும் அபாயமுண்டு. மேல்கண்ணாடி மாத்திரம் உடைந்திருந்தாலும், கண்ணாடியும் தொடுதிரையும் ஒளித்திரையும் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால், காம்போ மாற்ற வேண்டும் என்கிறார்கள். காம்போவின் விலையைக் கேட்ட வாடிக்கையாளர் புதுத் தொலைபேசியின் விலையை விசாரிக்கப் போய்விடுகிறார். நெதர்லாந்தின் ஃபேர்போன் கம்பெனியார் 2015-இல் வெளியிட்ட தங்கள் இரண்டாவது தொலைபேசியில், பாட்டரியை விரலாலும் திரையைக் கருவியில்லாமலும் கழற்றும்படி வைத்து, மெல்லியதாயும் அழகாயும் இருக்கவேண்டுமானால் பசைதான் கதி என்று பிறர் சொல்லிவந்த சமாதானத்தைப் பொய்யாக்கினார்கள். சற்றுத் தடிமனான தொலைபேசிதான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டமும், சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி முதல் கையடக்கச் சாதனங்களின் பாட்டரியை உபயோகிப்பவரே மாற்றிக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது.

செத்தபின் படுத்தும் பொருளுக்கு உதாரணம் தேடி நாம் வெளிநாடு போகவேண்டியதில்லை. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், செல்வர்கள் புட்டியில் வாங்கும் ஷாம்பு முதலியவற்றைக் கூலிவேலை செய்பவர்களும் சில காசுகளுக்கு வாங்கும்படி சிறு பொட்டலங்களில் அடைத்து விற்கும் வழியை நம் நாட்டில் பிரபலப்படுத்தினார். உத்தமமான நோக்கம், அதில் யாரும் குறை காண முடியாது. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் அந்தப் பொட்டலத்தின் உறை, கண்ணுக்கு ஒரே தாளாகத் தோன்றினாலும், அச்சேறுவதற்குப் பாலியெஸ்டர் ஏடு, காற்றையும் ஈரத்தையும் தடுப்பதற்கு அலுமினியப் பூச்சு, சூட்டில் ஒட்டி வாய்மூடுவதற்குப் பாலிஎத்திலீன் ஏடு என்று மூன்றையும் பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிச் செய்த அடுக்கு. மூன்றில் எது தனியாயிருந்தாலும் பழைய சாமான் கடைக்காரர் எடைபோட்டு வாங்கிக்கொள்வார். சேர்ந்திருப்பதால் குப்பை பொறுக்குகிறவர்கூடக் குனிந்து எடுப்பதில்லை. மறுசுழற்சிக்கு ஆகாமல் சிமெண்டுச் சூளைக்கு எரிபொருளாய்ப் போவது கொஞ்சம், சாக்கடையை அடைப்பது மிச்சம். ஒரே இனப் பிளாஸ்டிக்கைக் கொண்டு மூன்று வேலைகளையும் செய்யும் உறைகள் இப்போது வரத்தொடங்கியிருக்கின்றன. கடைக்குக் கிண்ணம் கொண்டுபோய் எண்ணெய் வாங்கிய பழைய வழக்கத்தைப் போல, பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் முறையும் சில இடங்களில் பரீட்சிக்கப்படுகிறது. எனக்கென்னவோ பின்னதிலேயே நம்பிக்கை அதிகம்; ஆனால் ஒற்றைத் தலைமுழுக்குக்கு வேண்டிய அளவை ஒரு ரூபாய்க்குக் கொடுக்கும் வசதியை அது இழக்காமலிருந்தால்தான் ஏழை மக்கள் அதை ஏற்பார்கள்.

மிகச் சிறிய மாற்றமே இத்தகைய தொல்லையை நீக்கிய சந்தர்ப்பமும் உண்டு. 1960-களில் அமெரிக்கர் எர்மல் ஃபிரேஸ், பானக் குவளையின் வாயைத் திறப்பதற்கு வளையம் பூட்டிய தகட்டுநாக்கைப் புகுத்தினார். இழுத்தால் நாக்கு தனியே கையோடு வரும். அதை எறிந்தார்கள், கடற்கரை மணலில் கால்களைக் கீறியது, பிராணிகள் விழுங்கின. 1975-இல் டேனியல் குட்சிக் என்பவர் நெம்பினால் வாயை உட்புறமாக அழுத்தித் திறந்துவிட்டுத் தானும் குவளையோடேயே நின்றுகொள்ளும் நாக்கை அமைத்தார். பிரசாரம் இல்லை, அபராதப் பலகை இல்லை, குப்பை நின்றது. நாக்கின் அலுமினியமும் குவளையோடு சேர்ந்து உலைக்குத் திரும்பியது. பழைய அலுமினியத்தை உருக்குவதற்குத் தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் சக்தியில் இருபதில் ஒரு பங்கே போதும் என்பதால், அதுவும் அலட்சியம் செய்யத்தக்க லாபமன்று.

இத்தனை சாமர்த்தியமும் வியர்த்தமாகக்கூடும் என்று ஓர் எதிர்வாதம் 1865-லேயே எழுந்தது. நீராவி யந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு குறைவதற்குப் பதிலாகப் பெருகுவதை ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் எடுத்துக்காட்டினார். மலிந்தால் மிகுதியாய் உபயோகிப்பது மனித சுபாவம். இது உண்மையே, ஆனால் பாதி மின்சாரத்தில் ஓடுகிற விசிறி வந்துவிட்டதென்று எவரும் ஒரே கட்டிலின்மேல் இரண்டு விசிறி மாட்டிக்கொள்வதில்லை. தேவைக்கு ஓர் எல்லை இருக்கும் இடங்களில் சிக்கனம் சிக்கனமாகவே நிற்கிறது.

1958-இல் இந்திய அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் நாடெங்கும் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதிய அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் தாங்கள் கண்ட பொருள்களிலெல்லாம் மேலானதாகப் போற்றியது, நம் வீடுகளில் தண்ணீர் மொள்ளும் செம்பை. அதன் எடை, இடுப்பில் வைக்கும் வாகு, தண்ணீர் சாயும் விதம் முதலியவற்றை ஆராய்ந்த அவர்கள், பழைய உலோகமாகத் திரும்பப் போடும்போது அதற்குள்ள மதிப்பையும் மறவாமல் கேட்டிருக்கிறார்கள். அந்த அறிக்கையின் பயனாகத்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. இன்று அதுபோன்ற கல்லூரிகள் பல நாட்டில் இருக்கின்றன. அங்கே மாணவர்கள் கணிப்பொறித் திரையில் வரைகிறார்கள், களிமண்ணில் மாதிரி செய்கிறார்கள், வாங்குவோரின் மனப்போக்கையும் கற்கிறார்கள். பட்டம் கொடுப்பதற்கு முன்பு ஒவ்வொரு மாணவரையும் ஒரு மாதம் காயலான் கடையில் உட்காரவைத்து, தராசுக்கு வரும் பொருள்களைத் தம் கையாலேயே பிரித்துப் போடச் சொல்ல வேண்டும் என்று அக்கல்லூரிகளின் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.